மூன்றாம் நாள் நடுக்கம்

கமலநாதனுக்குத் தன்னுடைய கல்லீரலைப் பற்றி அசாத்தியப் பெருமை இருந்தது. மற்றவர்கள் பிள்ளைகளின் எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட்டைப் பத்திரப்படுத்துவதைப் போல, அவர் தன்னுடைய ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை ஒரு பச்சை ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு வருடத்துக் காகிதங்கள். எதிலும் ஒரு சிவப்புக் கோடு கிடையாது. கிள்ளான் மேரு ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் யாராவது குடியின் கெடுதலைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், லோரியிலிருந்து அந்த ஃபைல் இறங்கி வந்துவிடும்.

"பாத்துக்கோ லா. டெய்லி பீர் அடிக்கிற ஆளு. உள்ள எல்லாம் இரும்பு!"

இரும்பின் ரகசியம் இதுதான். கமலநாதன் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றும் லோரி ஓட்டுபவர். கம்பெனி தன் டிரைவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை உடம்பைப் பார்க்கும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் எந்த நாளையும் டிரைவரே எடுத்துக்கொள்ளலாம். கமலநாதன் எடுப்பது எப்போதும் தைப்பூசத்துக்கு முந்தின வாரம். அதாவது பத்துமலைக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கும் நாற்பத்தெட்டு நாளில் நாற்பதாவது நாளோ, நாற்பத்தொன்றாவது நாளோ.

இதில் அவர் திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது அழுக்குச் சட்டையோடா போவோம்? அதே நியாயம்தான். விரதத்தில் உடம்பு சுத்தமாக இருக்கும், மனசும் சுத்தமாக இருக்கும், ஊசி போட்டு ரத்தம் எடுப்பவளுக்கும் ஒரு மரியாதை. இப்படி நாற்பத்தெட்டு நாள் முருகனுக்கும், மிச்சம் முந்நூற்றுப் பதினேழு நாள் பீருக்கும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தரப்புக்கும் இடையில் சண்டை எதுவும் இல்லை.

சண்டையைக் கம்பெனிதான் கொண்டு வந்தது. புதிதாக வந்த நிர்வாகம், இனி எல்லா டிரைவர்களுக்கும் ஒரே நாளில், நவம்பரில், பரிசோதனை என்று அறிவித்துவிட்டது. தீபாவளி முடிந்த அடுத்த வாரம். தீபாவளி வாரம் என்றால் கமலநாதன் வீட்டு வாசலில் காலி டின்கள் எந்த உயரத்துக்கு எழும்பும் என்பது அந்தத் தாமான் குடியிருப்பில் குப்பை எடுக்கிறவருக்குத் தெரியும்.

ரிசல்ட் வந்தது. நான்கு இடத்தில் சிவப்புக் கோடு. கூடவே, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஈரல் டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம்.

"மிஷின்ல கோளாறு லா," என்றார் கமலநாதன்.

அவருடைய மனைவி லோகேஸ்வரி ஓர் ஆரம்பப் பள்ளியில் கேன்டீன் நடத்துபவள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பழகிய குரல். "எதுல கோளாறுன்னு டாக்டர் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு. எட்டு மணி கம்யூட்டர் ரயில். குளிச்சிட்டு ரெடியா இருங்க," என்றாள். கமலநாதன் குளித்துவிட்டு ரெடியாக இருந்தார். பச்சை ஃபைலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் வசுந்தராவுக்கு அறுபது வயதிருக்கும். தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் தங்கிவிட்ட குடும்பம். பேச்சில் அந்த ஊர் இன்னும் போகவில்லை. கமலநாதனைப் படுக்க வைத்து, விலா எலும்பு இடுக்கில் ஒரு கருவியை வைத்து டொக், டொக் என்று தட்டினார். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அந்தக் கருவி எண் காட்டுமாம். எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கமலநாதனுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்கள்?"

"குடியெல்லாம் கிடையாது டாக்டர். பீர் மட்டும்தான்."

"எத்தனை டின்?"

"ஒரு... மூணு."

பக்கத்து நாற்காலியில் லோகேஸ்வரி தொண்டையைச் செருமினாள்.

"அஞ்சு," என்றார் கமலநாதன்.

இன்னொரு செருமல்.

"சனி, ஞாயிறுல கொஞ்சம் பிராந்தி. அது கூட்டாளிங்களோட. அது கணக்குல வராது டாக்டர்."

"உங்கட கணக்கில வராது. ஈரலின்ட கணக்கில எல்லாம் வரும். அதுக்கு லேபிள் வாசிக்கத் தெரியாது. பீரோ பிராந்தியோ, உள்ள போனா ஒண்டுதான்." டாக்டர் தன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வடிவாக் கேளுங்கோ. குடிக்கக் குடிக்க ஈரல்ல முதல்ல கொழுப்புப் படியும். பிறகு வீங்கும். பிறகு உள்ளுக்குள்ள காயமாகி, ஆறி, திரும்பக் காயமாகி, வடு விழும். அவ்வளவும் நடக்கிற வரைக்கும் அது ஒரு சத்தம் போடாது. வலிக்காது. நீங்கள் பாட்டுக்கு லோரி ஓட்டுவீங்கள். வடு கூடினா முழு ஈரலும் இறுகிப் போகும். வயித்தில தண்ணி கட்டும், ரத்த வாந்தி வரும். அதுதான் சிரோசிஸ். நீங்கள் அந்த வாசலுக்கு ஒரு படி முன்னால நிக்கிறீங்கள்."

கமலநாதனுக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. அவருடைய பெரியப்பா ஒருவர் வயிறு பானையாக ஊதி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தவர். வீட்டில் அதை மஞ்சள் காமாலை என்றுதான் சொன்னார்கள். அவர் கையில் எப்போதும் டம்ளர் இருந்ததை யாரும் சொன்னதில்லை.

"திரும்ப முடியாதா டாக்டர்?" என்று கேட்டது லோகேஸ்வரி.

"முடியும். அதுதான் ஈரலின்ட நல்ல குணம். இப்ப குடியை விட்டா, அது தன்னைத் தானே திருத்தப் பாக்கும். ஆனா குறைக்கிறது எண்ட பேச்சு இல்லை. ஒரு சொட்டும் கூடாது. ஜூன்ல திரும்பி வாங்கோ, இதே கருவியால பாப்பம். எண் இறங்கியிருந்தா நீங்கள் திரும்பி நடக்கிறீங்கள். ஏறியிருந்தா வாசலைத் தாண்டிட்டீங்கள்."

இந்த இடத்தில்தான் கமலநாதன் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பச்சை ஃபைலை மேசை மேல் வைத்து, பெருமையோடு தள்ளினார். "பன்னண்டு வருஷம் டாக்டர். எல்லாம் கிளீன்."

டாக்டர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். தேதிகளைப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"எல்லாம் தைப்பூசத்துக்கு முந்தின கிழமை! இன்ஸ்பெக்டர் வாற நாளில மட்டும் வகுப்பைக் கூட்டித் துடைச்சு வச்சிருக்கிறீங்கள்." சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "ஒண்டு கேக்கிறன். விரதம் தொடங்கி ரெண்டாம் நாள், மூண்டாம் நாள் உங்களுக்கு எப்பிடி இருக்கும்? நித்திரை வருமா? வேர்க்குமா? கை நடுங்குமா?"

கமலநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த விஷயம். "அது சாமி வர்றது டாக்டர். வருஷா வருஷம் மூணாம் நாள் டாண்ணு வந்துரும். கை கால் எல்லாம் உதறும், சட்டை நனைஞ்சிரும். வீட்ல சூடம் காட்டி, விபூதி பூசுவாங்க. ரெண்டு நாள்ல இறங்கிரும்."

டாக்டர் லோகேஸ்வரியைப் பார்த்தார். லோகேஸ்வரி டாக்டரைப் பார்த்தாள்.

"சாமி வாறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றார் டாக்டர் மெதுவாக. "ஆனா மூண்டாம் நாள் வாற இந்த நடுக்கம் எனக்குத் தெரியும். வருஷம் முழுக்கக் குடிச்ச உடம்பு, குடி கிடைக்காமப் பதறுற நடுக்கம். சில பேருக்கு வலிப்பு வரும், புத்தி தடுமாறும். உயிரே போகும். பன்னிரண்டு வருஷம் நீங்கள் தப்பினது அதிர்ஷ்டம். இந்த முறை மருந்தோடதான் நிப்பாட்ட வேணும். அந்தக் கிழமை லோரியில ஏறக் கூடாது."

திரும்பி வரும் ரயில் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியது. சுபாங் ஜெயாவில் லோகேஸ்வரி ஆரம்பித்தாள்.

"பன்னண்டு வருஷம்," என்றாள். "பன்னண்டு வருஷமா உங்க பீருக்கா நான் சூடம் காட்டினேன்?"

எதிரே உட்கார்ந்திருந்த ஓர் ஆன்டி போனை இறக்கிவிட்டுக் காது கொடுத்தார்.

"மெதுவா லா லோகா."

"கால்ல விழுந்தேன் லா! போன வருஷம் உங்க கால்ல விழுந்து, நம்ம பொண்ணுக்கு நல்ல வேலை கிடைக்கணும்னு கேட்டேன். கிடைக்கும்னு சொன்னீங்க! அது யாரு சொன்னது? அந்த டின்னா சொல்லிச்சி?"

"வேலை கிடைச்சிருச்சில்ல?" என்றார் கமலநாதன்.

எதிர் ஆன்டி சிரித்துவிட்டார். லோகேஸ்வரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்காமலே, "வலிப்பு வந்திருந்தா நான் அப்பவும் சூடம்தான் காட்டிக்கிட்டு நின்னிருப்பேன்," என்றாள். கிள்ளான் வரும் வரை கமலநாதன் அவளுடைய கைப்பையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் முதல் வாரம் அவர் லீவு போட்டார். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று லோகேஸ்வரி தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். முதல் ஐந்து நாளும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி போன் செய்து விசாரித்தாள். மூன்றாம் நாள் வந்தது. லேசாக உதறியது, கொஞ்சம் வேர்த்தது, சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. சாமி படத்தின் முன்னால் சூடம் இருந்தது. லோகேஸ்வரி அதைத் தொடவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

அடுத்தது விரதம். அதிலும் டாக்டர் கை வைத்துவிட்டார். கமலநாதனின் விரதம் என்றால் ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சாதமும் ரசமும். அதைக் கேட்டதும் டாக்டர் போனிலேயே கத்தினார். ஈரல் தளர்ந்த உடம்பு பட்டினி கிடந்தால் சதையைத் தின்ன ஆரம்பித்துவிடுமாம். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், படுக்கப் போகும் முன்னாலும் எதையாவது சாப்பிட வேண்டும், பருப்பு, கடலை, தயிர், தவ்ஹூ என்கிற சோயாக் கட்டி எல்லாம் நிறையச் சேர்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாளும் லோகேஸ்வரி தவ்ஹூவைப் பொரித்தாள், பிரட்டினாள், குழம்பு வைத்தாள், உதிர்த்துப் புட்டு மாதிரியும் செய்தாள். "முருகா, போதும்," என்று கமலநாதன் நிஜமாகவே வேண்டிக்கொண்டது அந்த வருடம்தான்.

அவருடைய காவடிக் குழுவில் பழனியப்பன் என்று ஒருவன். அவனும் லோரி டிரைவர், அவருக்குப் பத்து வயது இளையவன், குடியில் அவருக்குச் சரிசமம். விஷயம் கேள்விப்பட்டு ஒரு போத்தல் நிறையக் கீழாநெல்லிச் சாறு கொண்டு வந்தான். "அண்ணே, காலையில இத ஒரு கிளாஸ், சாயங்காலம் வழக்கம் போல. இது அத வெட்டிரும்." லோகேஸ்வரி அந்தப் போத்தலை வாங்கி, டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் உள்ளே போகாது என்று சொல்லி, பூச்செடிக்கு ஊற்றிவிட்டாள்.

தைப்பூசம் நல்லபடியாக முடிந்தது. கமலநாதன் இருநூற்று எழுபத்திரண்டு படியையும் காவடியோடு ஏறி இறங்கினார். முன்னைப் போல மூச்சு வாங்கவில்லை என்று அவருக்கே ஆச்சரியம். ஆனால் அவருடைய பயம் படியில் இல்லை. மூன்று நாள் கழித்து வரும் இடும்பன் பூஜையில் இருந்தது.

விரதத்தை முடித்து வைப்பது அந்தப் பூஜைதான். கோயில் கொட்டகையில், முதல் காவடியைச் சுமந்த இடும்பனின் கல் சிலைக்குப் படையல் போடுவார்கள். கோழி, ஆட்டுக்கறி, மீன், அவித்த முட்டை, சுருட்டு, பிராந்தி, கறுப்பு பீர். விரதம் தொடங்கும்போது ஒவ்வொருவர் கையிலும் கட்டிய காப்புக் கயிற்றைப் பூசாரி அறுப்பார். அறுத்த கை நேரே டம்ளருக்குப் போகும். முதல் டம்ளர் குழுத் தலைவருக்கு. பன்னிரண்டு வருடமாக அந்தத் தலைவர் கமலநாதன். சாமிக்குப் படைத்ததை எப்படி வேண்டாம் என்பது? அதைவிட, அந்த வாசம் வந்தால் வேண்டாம் என்று தன் வாய் சொல்லுமா? அவருக்கு உள்ளபடியே பயமாக இருந்தது.

"நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்," என்று லோகேஸ்வரி காலையிலேயே சொல்லிவிட்டாள். "உங்க கை. உங்க கிளாஸ்." பேசாமல் இருக்கும் லோகேஸ்வரி, பேசும் லோகேஸ்வரியைவிடப் பல மடங்கு ஆபத்தானவள்.

பூசாரி நாகையா வார நாட்களில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். பூஜையையும் அதே மாதிரி, அவசரப்படாமல், இடித்துவிடாமல் நடத்துவார். மணி அடித்து, தீபம் காட்டி, கத்தரிக்கோலை எடுத்தார். "தலைவரே, கைய நீட்டுங்க." கமலநாதன் நீட்டினார். மஞ்சள் கயிறு அறுந்து விழுந்தது. பழனியப்பன் பிராந்தி டம்ளரோடு தயாராக நின்றான்.

வாசம் வந்துவிட்டது. கமலநாதனுக்கு நாக்கில் நீர் ஊறியது. இரண்டு மாதத்து வைராக்கியம் ஒரு நொடியில் ஆட்டம் கண்டது. ஒரே ஒரு மொடக்கு, சாமி பிரசாதம், அதுவும் முதலும் கடைசியுமாக, ஜூனுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. பெண்கள் பக்கம் திரும்பினார். லோகேஸ்வரி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த முட்டையையே திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள்.

டம்ளர் பக்கம் போன கையை அவர் திருப்பினார். பூசாரி முன்னால் மறுபடியும் நீட்டினார்.

"இன்னொரு காப்பு கட்டுங்க சாமி."

நாகையா விழித்தார். "இப்பதானே அறுத்தேன்? அடுத்த தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு லா."

"ஒரு வருஷத்துக்குத்தான் கட்டுங்க. கறி சாப்பிடுவேன், முட்டை சாப்பிடுவேன், டாக்டர் சாப்பிடச் சொல்லிருக்காங்க. இது மட்டும் கிடையாது." டம்ளரைக் காட்டினார். "வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல சாமி. கையில கயிறு இருந்தா, எனக்கு யாரும் ஊத்த மாட்டாங்க."

"அண்ணே, பிரசாதம்ண்ணே," என்று பழனியப்பன் இழுத்தான். நாகையா அவனைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், கமலநாதனின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். இப்படி ஒரு விரதம் அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் காப்புக் கட்டியவன் முன்னால் போத்தலைத் திறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று வருடா வருடம் சொல்பவரும் அவர்தான்.

ஒரு புதுக் கயிற்றை எடுத்தார். மஞ்சள் துண்டை வைத்து முடிச்சுப் போட்டார். ஒன்றல்ல, மூன்று முடிச்சு. "இனி இந்த ஆளுக்கு யாராச்சும் ஊத்தினீங்க, என்கிட்ட வராதீங்க," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு டம்ளரை வாங்கி இடும்பன் காலடியில் ஊற்றினார். "அவரு குடிச்சுக்கட்டும். அவரு கல்லுல செஞ்ச ஆளு."

கொட்டகையே சிரித்தது. கமலநாதன் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் ஐந்து முட்டை வந்து விழுந்தது. வைத்தது யார் என்று நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கயிறு அதன் வேலையைச் செய்தது. கல்யாண வீடுகளில், மண்டபத்துக்குப் பின்னால் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து ஊற்றிக் கொடுக்கும் ஆட்கள் அவர் மணிக்கட்டைப் பார்த்ததும், "சாரி தலைவரே," என்று கிளாஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். சில சாயங்காலங்கள் மிக மோசமாக இருந்தன. அப்போதெல்லாம் அவர் லோகேஸ்வரியிடம் போய், "இப்ப ஆசையா இருக்கு," என்று சொல்லிவிடுவார். அவள் திட்ட மாட்டாள். இரண்டு பேரும் தாமானைச் சுற்றி நடந்துவிட்டு வருவார்கள்.

ஜூன் மாதம் டாக்டர் வசுந்தரா மறுபடியும் டொக், டொக் என்று தட்டினார். இந்தத் தடவை எண்ணைப் பார்த்ததும் திரையையே அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். எண் நன்றாக இறங்கியிருந்தது. "வடு முழுக்கப் போகேல்லை. ஆனா வாசல் இப்ப உங்களுக்குப் பின்னால தூரத்தில நிக்குது. இப்பிடியே நடவுங்கோ." பிறகுதான் அவர் கண் அந்த அழுக்கேறிய கயிற்றில் விழுந்தது. கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டின் கடைசி வரியில் ஏதோ எழுதினார். லோகேஸ்வரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'மஞ்சள் கயிறு. தொடரவும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பழனியப்பன் ஆகஸ்டில் ஒரு நாள் போன் செய்தான். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டான். "அண்ணே, அந்த டாக்டர் நம்பர் இருக்கா? எனக்கும் மூணாம் நாள் கை ஆடும்ண்ணே." கமலநாதன் நம்பரைக் கொடுத்ததோடு விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு மணி கம்யூட்டர் ரயிலில் அவனைத் தானே கூட்டிப் போனார்.

டிசம்பரில் மறுபடியும் விரதம் தொடங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம் கமலநாதன் குளித்துவிட்டு, முருகன் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். லோகேஸ்வரி சூடத்தட்டோடு வந்தாள்.

"கைய நீட்டுங்க."

நீட்டினார். இரண்டு கையும் மேசைப் பலகை மாதிரி அசையாமல் நின்றன. அவள் குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"இந்த வருஷம் சாமி வரல," என்றாள்.

"வரல," என்றார் அவர்.

முருகனுக்குச் சூடத்தைக் காட்டிவிட்டு அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். நீட்டியபடியே நின்றிருந்த அந்தக் கைகளுக்கு முன்னால் தட்டை மூன்று முறை சுற்றினாள். பிறகு அந்தக் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதுக்குக் காட்டலாம்," என்றாள். "வாங்க, தவ்ஹூ ஆறுது."